பிரித்து நட்ட ஆர்க்கிட் வேர் பிடிக்கும் வரை

எங்கள் பால்கனியில் இருக்கும் டென்ட்ரோபியம் ஆர்க்கிட், மயிலாப்பூரில் பெரியம்மா வீட்டில் பல வருடமாகத் தூர் கட்டித் தொட்டிக்கு வெளியே வழிந்துகொண்டிருந்த ஒரு பெரிய செடியின் பங்கு. 2023 ஜூனில், கத்திரி முடிந்த கையோடு, அதை மூன்றாகப் பிரித்தோம். ஒரு பங்கை அங்கேயே கொல்லை மாமரத்தில் கட்டிவிட்டோம், ஒன்று குரோம்பேட்டையில் அண்ணி வீட்டு மொட்டை மாடிக்குப் போனது, இன்னொன்று என்னோடு ஆட்டோவில் நங்கநல்லூருக்கு வந்தது. ஒரே செடி, ஒரே நாளில் வெட்டியது, மூன்று வீடு. அதனால் எது செடியின் குணம், எது இடத்தின் குணம், எது நம் கை வேலை என்று ஓரளவு பிரித்துப் பார்க்க முடிந்தது. வீட்டில் ஒரே ஒரு ஆர்க்கிட் வைத்திருப்பவருக்கு அந்த வசதி கிடைக்காது, செத்தால் ஏன் செத்தது என்றே தெரியாது.

அதில் நான் பார்த்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரித்த செடி புது வேர் விட்டு அந்த வேர் தொட்டியில் போட்ட கரித் துண்டையோ உடைந்த ஓட்டுத் துண்டையோ பிடிக்கும் வரை, அது தொட்டியில் சும்மா நின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த இடைக்காலத்தில் உரமும் மருந்தும் நிறைய தண்ணீரும் கொடுத்துத் தேற்றப் பார்ப்பதில்தான் பாதிச் செடிகள் போகின்றன. ஆடாமல் கட்டி வைத்து, நிழலும் காற்றும் கொடுத்து, இருக்கிற வேர் எவ்வளவு குடிக்குமோ அவ்வளவு மட்டும் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். சொல்ல எளிது. தினமும் காலையில் காபி டம்ளரோடு பால்கனிக்குப் போய், சுருங்கிக்கொண்டு வரும் தண்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் உள்ளே வருவதுதான் கஷ்டம்.

எந்த ஆர்க்கிட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்பதையும் தெளிவாக்கிவிட வேண்டும். கல்யாண மேடை அலங்காரத்தில் ஊதாவும் வெள்ளையுமாகச் செருகுவார்களே, தாய்லாந்துப் பக்கம் பூவுக்காகவே ஏராளமாக வளர்க்கும் வகை, அந்த டென்ட்ரோபியம். சென்னை வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் நன்றாகப் பழகிக்கொள்கிற ஆர்க்கிட் அதுதான். அடியில் கட்டையான ஒரு பாகம் படுத்தவாக்கில் நகர்ந்துகொண்டே போகும், அதிலிருந்து ஒவ்வொரு பருவமும் புதுத் தண்டு எழும்பும். இப்படி வளர்கிறவற்றைத்தான் தூர் பிரிக்க முடியும். கேட்லியா, ஆன்சிடியம் என்ற ஆர்க்கிட்டுகளும் இப்படி வளர்கிறவைதான். வாண்டாவும் ஃபெலனோப்சிஸும் ஒற்றைத் தண்டாக மேலே மேலே வளர்பவை, அவற்றை அடியில் பிளந்தால் இரண்டு செடி கிடைக்காது, இருந்த ஒன்றும் போய்விடும்.

பிரிப்பதற்கு நல்ல நேரம் எது என்று நாள்காட்டியைப் பார்ப்பதைவிடச் செடியின் அடியைப் பார்ப்பது மேல். டென்ட்ரோபியத்தில் பழைய தண்டு புதிதாக வேர் விடுவது அபூர்வம். புதிதாக எழும்பும் குருத்து விரல் நீளம் வந்ததும் அதன் அடியில்தான் வேர் முட்டும். ஆக, ஒவ்வொரு பங்கிலும் குருத்தோ, குறைந்தது விழித்துக்கொண்ட ஒரு கண்ணோ, அதாவது குருத்தாகப் போகிற மொட்டோ, இருக்க வேண்டும். குருத்து எழும்பியிருக்க வேண்டும், ஆனால் வேர் இன்னும் வெளியே வந்திருக்கக் கூடாது. வேர் நீண்ட பிறகு கை வைத்தால் அதன் நுனி உடையும், உடைந்த நுனி பெரும்பாலும் அதற்கு மேல் நீளாது. பெரியம்மா செடியில் மே கடைசியில் குருத்துகள் பச்சையாகத் தலை காட்டியிருந்தன. கத்திரி வெயிலில் வேண்டாம் என்று மட்டும் தள்ளிப் போட்டோம். வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் வேர் பிடிக்க நான்கு மாதமாவது கிடைக்கும் என்பதும் ஒரு கணக்கு.

தொட்டியிலிருந்து எடுப்பதுதான் பெரிய பாடு. ஆர்க்கிட் வேர் மண்தொட்டிச் சுவரில் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரம் பக்கெட் தண்ணீரில் ஊறவைத்தால் வேர் கொஞ்சம் வளையும், அப்போதும் பிய்த்து எடுத்தால் மேல் தோல் தொட்டியோடு போய்விடும். தொட்டியை உடைக்க வேண்டும் என்றதும் பெரியம்மாவுக்கு மனசே இல்லை. “நல்ல தொட்டிடி அது, எத்தனை வருஷமா இருக்கு” என்றார். “கொசப்பேட்டையில தொட்டி வாங்கிக்கலாம் பெரியம்மா, இந்த வேரை எங்க வாங்கறது” என்று சொல்லிச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினோம். வேர் விடாமல் பிடித்திருந்த ஓட்டுத் துண்டுகளை அப்படியே விட்டுவிட்டோம். அவையும் புதுத் தொட்டிக்குள்ளேயே போகட்டும், செடிக்கு அது பழகின இடம்.

வெட்டும்போது ஒரு பங்குக்கு மூன்று நான்கு தண்டு இருக்கட்டும். ஆசைப்பட்டு ஒற்றைத் தண்டாகப் பிரித்தால் செடிக்குக் கைவசம் சேமிப்பு இருக்காது, பூ பார்க்க வருடக்கணக்கில் ஆகும். இலை உதிர்ந்த பழைய தண்டைக் காய்ந்தது என்று நினைத்து வெட்டிப் போடுகிறார்கள். அது பச்சையாக, கெட்டியாக இருக்கிற வரை அதில் தண்ணீரும் சத்தும் இருக்கிறது, வேர் இல்லாத நாட்களில் குருத்துக்குச் சாப்பாடு போடுவது அதுதான். கத்தியை அடுப்பில் காட்டி ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும், அடுத்த செடிக்குப் போகும்போது மறுபடி காட்ட வேண்டும். ஆர்க்கிட்டில் சிம்பிடியம் மொசைக் வைரஸ் என்று ஒன்று உண்டு, வெட்டும் கருவி வழியாகத்தான் சுலபமாகப் பரவும், வந்துவிட்டால் மருந்து கிடையாது. வெட்டு வாயில் சமையலறைப் பட்டையைப் பொடித்துத் தடவினோம். அது ஈரத்தை இழுத்துக் காயத்தை உலர வைக்கும், பூஞ்சையையும் தடுக்கும். அதே குணத்தால் வேரில் பட்டால் வேரையும் உலர்த்திவிடும் என்பதால் விரல் நுனியில் எடுத்து வெட்டிய இடத்தில் மட்டும். வேர்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருந்து தோல் உருவி உள்ளே நார் மட்டும் நிற்பதை வெட்டினோம். பழுப்பாக இருந்தாலும் கெட்டியாக இருப்பதை விட்டுவிட்டோம், புது வேர் வரும் வரை செடியை நிறுத்திப் பிடிக்க அதுவாவது வேண்டும்.

வெட்டிய அன்றே நடவில்லை. ஈரமில்லாத நிழலில் செய்தித்தாள் மேல் ஒரு நாள் கிடத்தி வைத்தோம், காயம் ஆறட்டும் என்று. அப்படி வெறுமனே கிடப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். மரத்தின் மேல் வாழப் பழகின செடி அது, ஒரு நாள் காய்வது அதற்கு ஒன்றுமே இல்லை.

மண் போடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், மண்ணுக்குப் பதிலாக என்ன என்பதில்தான் சென்னையில் ஆளுக்கு ஒரு கருத்து. என் ஓட்டு அடுப்புக்கரிக்கு. இஸ்திரி வண்டிக்காரர் எந்தக் கடையில் கரி வாங்குகிறாரோ அங்கேயே கிடைக்கும், விறகுக்கரி. கிரில் அடுப்புக்கென்று அச்சில் அழுத்திக் கட்டியாக விற்பது வேண்டாம், அதில் வேறு சமாச்சாரங்கள் கலந்திருக்கும். கரியை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, தூசி போகக் கழுவி, அடியில் பெரிய துண்டும் மேலே சிறிய துண்டுமாகப் போட்டேன், இடையில் உடைந்த ஓடு. தேங்காய் மட்டை போடுவதானால் அதில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். அப்படியும் நான் கொஞ்சமாகத்தான் சேர்த்தேன். மட்டை ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும், வேர் இல்லாத செடிக்கு அந்த ஈரம் உபகாரம் இல்லை. இன்னொரு காரணம் அணில். தொட்டி மேல் மட்டை நார் தெரிந்தால் கூடு கட்ட உருவிக்கொண்டு போகும், உருவும்போது செடியையும் ஆட்டி வைக்கும். நாரை அடியில் தள்ளி மேலே கரி மூடிவிட்டால் அணில் வருவதில்லை.

தொட்டி சின்னதாக இருக்கட்டும். பக்கவாட்டில் ஓட்டை போட்ட நாலு அங்குல மண்தொட்டி போதும், நாலு தண்டுச் செடிக்கு அதுவே சில வருடம் வரும். பெரிய தொட்டியில் நடுவில் இருக்கும் ஈரம் காய்வதே இல்லை. பழைய தண்டு இருக்கும் பக்கத்தைத் தொட்டி விளிம்போடு ஒட்டி வைத்துக் குருத்து நடுவைப் பார்க்கும்படி வைத்தேன், வளரப் போகிற திசையில் இடம் வேண்டுமே. அடிக்கட்டையைப் புதைக்கக் கூடாது, கரி மேல் உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும். கண் கரிக்குள் போனால் அழுகும்.

புதைக்காவிட்டால் செடி நிற்காது. அதனால் கட்ட வேண்டும், இந்தக் கட்டுகிற விஷயத்தைத்தான் நிறையப் பேர் அலட்சியமாக விடுகிறார்கள். புது வேரின் நுனி ஒரு பச்சைப்பயறு அளவுக்கு மெல்லிய, பளபளப்பான பச்சை முனை. செடி காற்றில் ஆடினால் அந்த நுனி கரியில் உரசும், நுனி தேய்ந்தால் அந்த வேர் நின்றுவிடும். செடி வேர் விட்டுக்கொண்டே இருக்கும், நாம் ஆட்டி ஆட்டி உடைத்துக்கொண்டே இருப்போம், கடைசியில் ‘ராசியில்லாத செடி’ என்று பெயர் வாங்கும். நான் மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடி ஓட்டை வரை இறக்கி, கரியில் இறுகப் பிடிக்க வைத்து, பழைய வேட்டியைக் கிழித்த நாடாவால் ஒவ்வொரு தண்டையும் எட்டு போட்ட மாதிரி சுற்றிக் கட்டினேன். கம்பி வேண்டாம், தண்டை அறுக்கும். ஈர்க்குச்சி வளையும், அதுவும் வேண்டாம். சரியாகக் கட்டியிருக்கிறோமா என்று பார்க்க ஒரு வழி: ஒரு கையால் தண்டைப் பிடித்து லேசாகத் தூக்கினால் தொட்டியும் கூடவே எழும்ப வேண்டும். தண்டு தனியாக நகர்ந்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். பிறகு அந்தத் தொட்டியை யாரும் தொடக் கூடாது. பெருக்கும்போது நகர்த்துவது, துணி காயப்போட ஓரமாக வைப்பது, வந்தவர்களுக்குக் காட்ட உள்ளே கொண்டு போவது எதுவும் கூடாது. வீட்டில் இருப்பவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

வைக்கும் இடத்துக்கு வருவோம். கிழக்குப் பார்த்த பால்கனி எனக்கு அமைந்தது அதிர்ஷ்டம். காலை வெயில் கொஞ்சம் படும், பதினோரு மணிக்கு மேல் வெளிச்சம் மட்டும். மேற்கு பால்கனியாக இருந்தால் பச்சை வலை இரண்டு அடுக்காவது வேண்டும். சென்னையில் மே கடைசியிலிருந்து ஜூன் வரை மேல்காற்று அடிக்கும், கடற்காற்று உள்ளே வர மதியம் தாண்டிவிடும். அந்த வருடம் ஜூன் முதல் பாதியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று காய்ந்த காற்று, நிழலில் இருக்கும் இலையிலிருந்துகூட ஈரத்தை உறிஞ்சும். அதைவிட மோசம், ஃப்ளாட்களில் ஏசியின் வெளி யூனிட் ஊதும் அனல். பால்கனியில் அது எந்தப் பக்கம் ஊதுகிறது என்று ராத்திரி கையை வைத்துப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் தொட்டியை வையுங்கள். கீழே ஒரு தட்டில் கூழாங்கல்லும் தண்ணீரும் வைத்து, தொட்டி தண்ணீரைத் தொடாமல் கல் மேல் நிற்கட்டும். மற்றபடி ஈரப்பதத்துக்காகக் கருவி வாங்குவதெல்லாம் சென்னைக்கு அநாவசியம், இங்கே சட்டையே காய மாட்டேன் என்கிறது. காற்றோட்டத்துக்குத்தான் பஞ்சம்; பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்திருந்தால் கதவைத் திறந்து வையுங்கள்.

தண்ணீர் என்றால் இரண்டு கேள்வி: எவ்வளவு, எந்தத் தண்ணீர். இரண்டாவதை யாரும் கேட்பதில்லை, சென்னையில் முதலில் கேட்க வேண்டியதே அதுதான். எங்கள் ஏரியா போர் தண்ணீர் பக்கெட்டிலேயே வெள்ளை கட்டும். அதை ஆர்க்கிட்டுக்குத் தெளித்தால் இலையில் திட்டுத் திட்டாக உப்பு, தொட்டியைச் சுற்றி வெள்ளைப் படிவம், புது வேரின் பச்சை நுனி கறுத்துப் போகும். ஆர்ஓ மிஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று செடிகளுக்கு ஊற்றும் பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. உள்ளே போன தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம், வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், ஆர்க்கிட் பக்கம் கொண்டு வராதீர்கள். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதற்கு ஈடு இல்லை. கிடைக்காத மாதங்களில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைக்கிறேன். காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து தண்ணீராவதுதான் அது, உப்பு கிட்டத்தட்ட இருக்காது, சென்னைப் புழுக்கத்தில் ஒரு ராத்திரியில் தாராளமாகச் சேரும். ஏசி சர்வீஸ் பண்ணி காயிலுக்குக் கெமிக்கல் அடித்த பிறகு ஒரு வாரத்துக்கு மட்டும் அதைக் கொட்டிவிட வேண்டும். மெட்ரோ தண்ணீர் வருகிறவர்கள் அதையே ஊற்றலாம், ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு.

எவ்வளவு என்பதற்கு வேரைத்தான் கேட்க வேண்டும். ஆர்க்கிட் வேருக்கு மேலே பஞ்சு மாதிரி ஒரு உறை உண்டு, காய்ந்திருந்தால் வெள்ளி நிறம், நனைந்திருந்தால் பச்சை. பக்க ஓட்டை வழியாகப் பார்த்தாலே தெரியும். வெள்ளியாக மாறிய பிறகு ஊற்றுங்கள், பச்சையாக இருந்தால் பேசாமல் இருங்கள். நட்ட முதல் வாரம் நான் தொட்டிக்குத் தண்ணீரே ஊற்றவில்லை, காலையில் இலையின் அடிப்பக்கத்திலும் தண்டிலும் பனி மாதிரி தெளிப்பதோடு சரி. குருத்தின் நடுவில் தண்ணீர் தேங்கக் கூடாது, தேங்கினால் பேப்பர் நுனியால் ஒற்றி எடுத்துவிடுவேன். அப்புறம் வேர் நிறத்தைப் பார்த்து, காலை வேளையில், தொட்டி வழியாக ஓடிப் போகும்படி ஊற்றினேன். ராத்திரி ஈரத்தோடு இருக்கக் கூடாது.

இதற்கு நடுவில் தண்டு சுருங்கும். கோடு கோடாக வரி விழும், அடி இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிரும். வேரை இழந்த செடி தன் சேமிப்பைத் தின்கிறது, அவ்வளவுதான். அண்ணி போன் பண்ணினாள்: “தண்டெல்லாம் வத்தல் மாதிரி ஆயிடுச்சு, தண்ணி பத்தலையோ?” வேர் இல்லாத செடிக்கு எவ்வளவு ஊற்றினாலும் குடிக்க வாய் கிடையாது, சுற்றியிருக்கும் ஈரம் அழுகலுக்குத்தான் உதவும் என்று சொன்னேன். அவள் சரி என்றுதான் சொன்னாள். ஆனால் அவளுடைய தொட்டி பிளாஸ்டிக், மட்டை நார் நிறையப் போட்டது, மொட்டை மாடியில் பச்சை வலைக்குக் கீழே. பச்சை வலை வெயிலைத்தான் வடிகட்டும். ஜூன் 18 ராத்திரி ஆரம்பித்து மறுநாள் பள்ளிக்கூடம் லீவு விடுகிற அளவுக்குச் சென்னையில் ஒரு மழை கொட்டியதே, ஜூனில் யாரும் எதிர்பார்க்காத மழை, அது அந்தத் தொட்டியை முழுக்க ஊற வைத்துவிட்டது. சில நாளில் குருத்தின் அடி கறுத்து, தொட்டால் கூழ் மாதிரி ஆகியிருந்தது.

அதே மழை மயிலாப்பூர் மாமரத்தில் கட்டிய பங்கின் மேலும்தான் பெய்தது. அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. மரப்பட்டையில் விழுந்த தண்ணீர் வழிந்து ஓடிவிட்டது, மறுநாள் காற்று பட்டுக் காய்ந்துவிட்டது. ஆர்க்கிட் அழுகுவதற்குத் தண்ணீரைவிட, தண்ணீர் போன பிறகும் காற்று புகாத இடம்தான் காரணம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மரம் இருக்கிறவர்களுக்கு என் யோசனை, யோசிக்காமல் மரத்தில் கட்டுங்கள். சொரசொரப்பான பட்டை வேண்டும், மாமரம் நன்றாக வரும். குருத்து மரத்தைப் பார்த்த பக்கம் இருக்கும்படி வைத்து, துணி நாடாவால் அசையாமல் கட்டினால் போதும், வேர் பட்டையைப் பிடித்ததும் நாடா தானாக மக்கிப் போகட்டும். மரத்துக்கு இதனால் கெடுதல் இல்லை. ஆர்க்கிட் மரத்தைத் தின்பதில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது. ஒரு தொந்தரவு உண்டு: மழையில்லாத நாளில் தினமும், கோடையில் இரண்டு வேளையும் நனைக்க வேண்டும். பெரியம்மா ஹோஸ் பைப்போடு மல்லிகைக்குப் போகும்போது அதற்கும் ஒரு வீச்சு.

அண்ணி செடிக்கு என்ன செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும், அழுகல் வந்தால் எல்லாம் முடிந்தது என்று தூக்கிப் போடுகிறார்கள். கறுத்த பாகத்தைத் தாண்டி, வெட்டு வாய் சுத்தமான வெளிர் பச்சையாகத் தெரியும் வரை வெட்டி எடுத்தோம். கார்பென்டசிமும் மேன்கோசெப்பும் கலந்த பூஞ்சாணக்கொல்லி, சாஃப் என்ற பெயரில் உரக்கடைகளில் கிடைப்பது, லிட்டருக்கு இரண்டு கிராம் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, அடிப்பாகத்தை முக்கி எடுத்துக் காய வைத்தோம். மிஞ்சியது குருத்தில்லாத இரண்டு பழைய தண்டு. அவற்றைப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்து, வெயில் படாத ஜன்னலோரம் தொங்கவிட்டாள். சென்னைச் சூட்டில் பையை முழுக்க மூடினால் உள்ளே வெந்துவிடும். பையில் நீர்த்துளி கட்டினால் திறந்து காயவிட வேண்டும். ரொம்ப நாள் ஒன்றும் நடக்கவில்லை, அப்புறம் ஒரு தண்டின் மேல் கணுவில் குட்டிச் செடி ஒன்று முளைத்து, தொங்கிக்கொண்டே வேரும் விட்டது. அடியில் வழி அடைபட்டால் மேலே கன்று விடுவது டென்ட்ரோபியத்தின் பழக்கம். வேர் இரண்டு மூன்று அங்குலம் வந்ததும் அதைத் தாய்த்தண்டில் ஒரு துண்டோடு வெட்டி நட்டோம். அண்ணியிடம் இப்போது இருப்பது அந்தக் கன்றுதான், இந்த முறை மண்தொட்டியில், சன்ஷேடுக்குக் கீழே.

என் தொட்டிக்கு வருகிறேன். ஆடி மாதம் ஒரு நாள் குருத்தின் அடியில் இரண்டு வெளிர்ப் பச்சை மொட்டு, ஊசித் தலை அளவு. பிறகு நுனி மட்டும் பச்சையாகவும் பின்பக்கம் வெள்ளியாகவும் ஒரு வேர் நீண்டு, காற்றில் கொஞ்சம் யோசித்துவிட்டு, கீழே வளைந்து கரித் துண்டு ஒன்றைத் தொட்டது. தொட்ட இடத்தில் தட்டையாகி ஒட்டிக்கொண்டு அதன் மேலேயே ஓடியது. வேர் கரியைத் தொடாமல் வெளியே நீட்டிக்கொண்டு போனால் பிடித்து உள்ளே செருகக் கூடாது, ஒடியும். அது வெளியிலேயே இருக்கட்டும். வேர் ஓடத் தொடங்கியதும் புதுத் தண்டு பருக்க ஆரம்பித்தது. பழைய தண்டுகளின் சுருக்கம் முழுக்கப் போகவில்லை, போகவும் போகாது, அதைப் பார்த்துக் கவலைப்பட ஒன்றுமில்லை.

வேர் நுனிக்கு எதிரி நத்தை. மழைக்காலத்தில் பூண்டுப் பல் அளவு நத்தைகள் பகலில் தொட்டி அடியில் ஒளிந்திருந்து ராத்திரி வந்து பச்சை நுனியை மட்டும் கொறித்துவிட்டுப் போகும், காலையில் வேர் மொட்டையாக நிற்கும். டார்ச் அடித்துப் பார்த்துப் பொறுக்குவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தொட்டியைக் கொக்கியில் தொங்கவிட்டால் பெரும்பாலும் வராது, ஆனால் தொங்கும் தொட்டி காற்றில் ஆடாமல் கீழேயும் ஒரு கயிறு கட்ட வேண்டும். மாவுப்பூச்சியை இலைக் கக்கத்தில் பார்த்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் துடைத்துவிடலாம். வேப்பெண்ணெய்க் கரைசல் அடிப்பவர்கள் சாயங்காலம் அடியுங்கள், எண்ணெய் பட்ட இலையில் வெயில் விழுந்தால் பொசுங்கும்.

உரத்தை இவ்வளவு தள்ளிச் சொல்வதற்குக் காரணம், செடிக்கும் அது அவ்வளவு தள்ளித்தான் தேவைப்பட்டது. வேர் ஓர் அங்குலமாவது நீண்ட பிறகு, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக இருக்கும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் என்ற கணக்கில் வாரம் ஒரு முறை. வீட்டுத் தராசில் அரை கிராம் நிறுக்க முடியாது. ஐந்து கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, அதில் நூறு மில்லி எடுத்து மீதிக்கு நல்ல தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கினால் கணக்கு சரியாக வரும். மாதம் ஒரு முறை உரமில்லாத தண்ணீரை நிறைய ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும். கடற்பாசிச் சாறு கிடைத்தால் வேர் மொட்டு தெரியும் நேரத்தில் மிக நீர்க்கத் தெளிக்கலாம், ராமநாதபுரம் கடலோரத்தில் வளர்க்கும் பாசியிலிருந்து எடுப்பதே நம் ஊரில் விற்கிறது. அரிசி கழுவிய தண்ணீர், மீன் அமிலம், பஞ்சகவ்யா, டீத்தூள், முட்டை ஓடு இதெல்லாம் மாடித்தோட்டத்துக் கத்திரிக்காய்க்குப் பிரமாதம். வேர் பிடிக்காத ஆர்க்கிட்டுக்கு வேண்டாம், கரியில் புளித்து எறும்பும் கொசுவும் சேரும்.

ஐப்பசி பிறந்ததும் அடைமழைக்கு முன்னால் தொட்டியை மழை நேராக விழாத இடத்துக்கு மாற்றினேன். அதற்குள் வேர் நன்றாகப் பிடித்திருந்ததால் நகர்த்தப் பயமில்லை. டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது குளியலறை ஜன்னல் திட்டில் வைத்திருந்தோம், கரண்ட் இல்லாத அந்த நாட்களில் செடிக்கு மட்டும்தான் ஒரு குறையும் இல்லை. மார்கழி, தை மாதங்களில் வளர்ச்சி மந்தமாகும்போது தண்ணீரையும் உரத்தையும் குறைத்துக்கொண்டேன். சென்னைக் குளிரெல்லாம் இதற்கு ஒரு பொருட்டே இல்லை.

பூவைப் பற்றி ஒரு வார்த்தை. பிரித்த கொஞ்ச நாளிலேயே பழைய தண்டின் உச்சியில் பூங்காம்பு ஒன்று எட்டிப் பார்த்தது. வேர் இல்லாத நேரத்தில் பூ விட்டால் சேமிப்பெல்லாம் பூவுக்கே போய்விடும் என்று முளையிலேயே கிள்ளிவிட்டேன். பெரியம்மாவிடம் போனில் சொன்னதும், “பூ வரதை யாராவது கிள்ளுவாளாடி!” என்று ஒரு வாரம் கோபம். மறு வருடம் புதுத் தண்டிலேயே காம்பு வந்தபோது விட்டுவிட்டேன், பூ மாதத்துக்கு மேல் நின்றது, போட்டோ அனுப்பிச் சமாதானமாகிவிட்டோம்.

இப்போது தொட்டிக்கு வெளியேயும் வேர் தொங்குகிறது. கரி உப்பைச் சேர்த்துக்கொள்ளும், அடியில் போட்ட மட்டையும் மக்கும், அதனால் அடுத்த குருத்து முட்டும்போது ஓர் அளவு பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டியிருக்கும், பிரிக்காமல். எதிர் ஃப்ளாட் மாமி கன்று கேட்டு வைத்திருக்கிறார். ஆளுக்கு நாலு தண்டு வருகிற மாதிரி எட்டுத் தண்டாவது ஆகட்டும் மாமி என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை தன் வீட்டு ஏசித் தண்ணீரையும் ஒரு வாளியில் பிடித்து எனக்காக வாசலில் வைத்துவிடுகிறார்.